வியர்வையும் தோலும்: மருந்துக்கடையில் குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக வேலை செய்கிறேன். காய்ச்சல், இருமல் என்றால் யாரும் தயங்க மாட்டார்கள், வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வருவார்கள். வியர்வை நாற்றம், தொடை இடுக்கில் அரிப்பு, கழுத்துக் கறுப்பு என்றால் மட்டும் கடையில் ஆள் குறையும் வரை வைட்டமின் அலமாரிப் பக்கமே நின்றுகொண்டிருப்பார்கள். அப்படி நின்றவர்கள் கடைசியில் என்னிடம் கேட்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கும் சின்ன வயதிலிருந்தே உள்ளங்கை வியர்க்கும், அதனால் அந்தத் தயக்கம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

நம்ம ஊர் சூட்டுக்கு எல்லாருக்கும்தான் வேர்க்கிறது. எனக்கு வருவது நோயா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பகலில் 31, 32 டிகிரி இருக்கும், அதோடு காற்றில் ஈரமும் அதிகம். வியர்வை உடம்பைக் குளிர வைப்பது அது ஆவியாகும்போதுதான், ஈரக் காற்றில் அது சீக்கிரம் ஆவியாகாது, அப்படியே வழிந்துகொண்டு நிற்கும். அதனால் மதியம் சாப்பிட வெளியே போய் வந்த மனிதருக்கு முதுகு நனைவது உடம்பு சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், அதற்கு மருந்து வேண்டாம்.

ஆனால் ஏர்கான் ஓடுகிற அறையில், சும்மா உட்கார்ந்திருக்கும்போது, உள்ளங்கையிலிருந்து சொட்டுகிறது என்றால் அது வேறு. டாக்டர்கள் பார்ப்பது இதைத்தான்: உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள், முகம் என்று குறிப்பிட்ட இடத்தில் ஆறு மாதத்துக்கு மேலாக வியர்க்கிறதா, இடது வலது இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா, வாரத்தில் ஒரு தடவையாவது வருகிறதா, 25 வயதுக்கு முன்னாலேயே ஆரம்பித்ததா, வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா, தூங்கும்போது நின்றுவிடுகிறதா, அன்றாட வேலையைக் கெடுக்கிறதா. இவற்றில் பல பொருந்தினால் அதற்கு மிகை வியர்வை என்று பெயர், ஆங்கில மருத்துவத்தில் ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்பார்கள். பெயர் இருக்கிற நோய், சிகிச்சையும் இருக்கிற நோய். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இருபது வருடம் கைக்குட்டையோடு வாழ்ந்த பிறகுதான் பலர் இதைக் கேள்விப்படுகிறார்கள்.

பயந்த சுபாவத்தால்தான் கை வேர்க்கிறது என்கிறார்களே?

என்னையும் அப்படித்தான் சொன்னார்கள். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது கணக்குத் தாளில் என் கை பட்ட இடமெல்லாம் காகிதம் நெளிந்து, மை ஊறி, எண்கள் ஒன்றோடொன்று கலந்து போகும். ஆசிரியை என்னைத் திட்டவில்லை, ஆனால் “ஏம்மா இவ்வளவு பயம்?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நான் பயப்படவே இல்லை, அந்தக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு. அவர் கேட்ட பிறகுதான் பயம் வந்தது, பயம் வந்ததும் கை இன்னும் நனைந்தது.

நடப்பது இதுதான். உடம்பில் இருபது முதல் நாற்பது லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை ரொம்ப நெருக்கம். மிகை வியர்வை உள்ளவர்களுக்குச் சுரப்பிகளின் எண்ணிக்கை கூடுதலில்லை, சுரப்பியும் பழுதில்லை. “வியர்” என்று கட்டளை அனுப்புகிற நரம்புகள் தேவைக்கு மேல் அனுப்புகின்றன, அவ்வளவுதான். நாம் நினைத்தாலும் நிறுத்த முடியாத தானியங்கி நரம்புகள் அவை. பதற்றம் அதைக் கூட்டும், உண்மைதான், ஆனால் பதற்றம் மட்டுமே காரணம் என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது அந்தப் பிள்ளையைக் குற்றவாளி ஆக்குவது. குடும்பத்தில் ஓடுகிற விஷயம் இது. என் அப்பாவுக்கும் உண்டு, வங்கியில் மைகார்டு அடையாள அட்டைக்காகக் கட்டைவிரல் ரேகை வைக்கும்போது இயந்திரம் ஏற்காமல் மூன்று நான்கு தடவை சட்டையில் துடைத்துத் துடைத்து வைப்பார்.

ராத்திரி தூக்கத்தில் சட்டை, தலையணை எல்லாம் நனைந்துவிடுகிறது. இதுவும் அதேதானா?

இல்லை, இதை விட்டுவிடாதீர்கள். மேலே சொன்ன வகை தூக்கத்தில் நின்றுவிடும். தூக்கத்தில் உடம்பு முழுக்க வியர்ப்பதும், பெரியவரான பிறகு திடீரென்று ஆரம்பிப்பதும், உடம்பின் ஒரு பக்கம் மட்டும் வியர்ப்பதும் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று சொல்லக்கூடியவை. தைராய்டு அதிகமாகச் சுரப்பது, மாதவிடாய் நிற்கும் பருவம், சில மனச்சோர்வு மாத்திரைகள், சில வகைப் புற்றுநோய்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். காசநோயும் வரும். காசநோய் பழைய காலத்து வியாதி என்று நினைக்கிறார்கள், மலேசியாவில் இன்னமும் ஆண்டுக்கு 20,000 பேருக்கு மேல் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். இரவு வியர்வையோடு இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் எடை குறைவதும் சேர்ந்தால் அந்த வாரமே கிளினிக் போங்கள்.

இன்னொன்று, இதை நீரிழிவு உள்ளவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிக்லசைட் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் திடீரென்று குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள். நெஞ்சு அழுத்தத்தோடு வியர்வை கொட்டினால் கேள்வி பதில் படிக்கிற நேரமில்லை, 999 அழையுங்கள்.

தினமும் டியோடரன்ட் போடுகிறேன், ஆனாலும் அக்குள் நனைவது நிற்கவில்லையே?

டியோடரன்ட் வாடையை மறைக்கும், வியர்வையை நிறுத்தாது. வியர்வையைக் குறைப்பது ஆன்டிபெர்ஸ்பிரன்ட், அதில் அலுமினிய உப்பு இருக்கும். சாதாரண வகை போதவில்லை என்றால் அலுமினியம் குளோரைட் 20 சதவீதம் வரை உள்ள கரைசல் மருந்துக்கடையில் கிடைக்கும், மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

இதில் முக்கால்வாசிப் பேர் தவறுவது போடுகிற நேரத்தில். காலையில் குளித்துவிட்டு ஈர அக்குளில் பூசிக்கொண்டு ஓடுவார்கள், அரை மணி நேரத்தில் எரிச்சல் எடுக்கும், பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இது இரவில் போட வேண்டிய மருந்து. படுக்கப் போகும்போது சுரப்பிகள் அடங்கியிருக்கும், மருந்து துளைக்குள் இறங்கி அடைப்பாக நிற்க அப்போதுதான் வழி. அக்குளைத் துணியால் ஒற்றி, மின்விசிறிக்கு முன்னால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, முழுசாகக் காய்ந்த பிறகு மெல்லியதாகப் பூசுங்கள், காலையில் கழுவிவிடுங்கள். தோலில் ஈரம் இருந்தால் அந்த ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி எரிக்கும். முடி மழித்த அன்றும் மறுநாளும் வேண்டாம். முதல் வாரம் தினமும், வியர்வை குறைந்ததும் இரண்டு நாளுக்கு ஒருமுறை, அப்புறம் வாரம் ஒன்றிரண்டு தடவை போதும்.

ஆன்டிபெர்ஸ்பிரன்ட்டால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

அப்படி வரும் என்று நிரூபணம் எதுவும் இல்லை. இந்தச் செய்தி வருடா வருடம் புதுசுபோலச் சுற்றுகிறது. சிறுநீரகம் ரொம்பப் பழுதானவர்கள், டயாலிசிஸ் செய்கிறவர்கள் மட்டும் அலுமினியம் உள்ளதைப் பயன்படுத்தும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

உள்ளங்கைக்கு அந்தக் கரைசல் பலிக்கவில்லை. வேறு என்ன வழி?

உள்ளங்கைத் தோல் தடிமன், அதனால் பலருக்குப் பலிக்காது, எனக்கும் பலிக்கவில்லை. அடுத்தது அயன்டோஃபோரிசிஸ் என்ற முறை. இரண்டு தட்டில் குழாய்த் தண்ணீர் ஊற்றி, அதில் கையை வைத்து, மெல்லிய மின்சாரம் 20, 30 நிமிடம் செலுத்துவார்கள். எறும்பு ஊர்வது போலிருக்கும், விரலில் சின்னக் கீறல் இருந்தால் அந்த இடம் சுரீர் என்று குத்தும், அதில் முன்கூட்டியே வாசலின் தடவிக்கொள்ள வேண்டும். முதலில் வாரம் மூன்று தடவை, கை காய்ந்த பிறகு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒரு தடவை. நான் இதைத்தான் செய்கிறேன். முதல் தடவை காய்ந்த கையோடு ஒருவருக்குக் கை கொடுத்த நாள் எனக்கு மறக்காது. கர்ப்பிணிகளும் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் இதைச் செய்யக் கூடாது.

போடாக்ஸ் ஊசி அக்குளுக்கு நன்றாக வேலை செய்கிறது, நாலு முதல் ஒன்பது மாதம் வரை தாங்கும், அப்புறம் மறுபடி போட வேண்டும், செலவு அதிகம். உள்ளங்கையில் போட்டால் வலி கூடுதல், சில வாரம் பிடி தளரவும் செய்யலாம்.

மாத்திரையும் உண்டு, ஆக்ஸிபியூட்டினின் போன்றவை. உடம்பு முழுக்க வியர்வையைக் குறைக்கும், கூடவே வாய் வறண்டுபோகும், மலச்சிக்கல் வரும். இதில் நான் எல்லாரிடமும் வலியுறுத்துகிற ஒரு விஷயம் இருக்கிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்கிறவர்கள், பத்துமலையில் பால்குடத்தோடு 272 படி ஏறுகிறவர்கள் இந்த மாத்திரையில் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். வியர்க்க முடியாத உடம்பு வெயிலில் சூட்டை வெளியே தள்ள முடியாமல் மயங்கி விழும், உயிருக்கே ஆபத்து.

அறுவை சிகிச்சை கடைசி. கைக்கு வியர்வைக் கட்டளை அனுப்புகிற நரம்பை மார்புக்குள் வெட்டுவார்கள், கை உடனே காய்ந்துவிடும். ஆனால் நிறையப் பேருக்கு அதற்குப் பதிலாக முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் வியர்வை கூடிவிடுகிறது, அதைத் திருப்பி எடுக்க முடியாது. நம் ஊர்ச் சூட்டில் இதை ரொம்ப யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டு வேளை குளித்தும் வாடை போகவில்லை. ஏன்?

வியர்வைக்குத் தானாக வாடை கிடையாது. அக்குளிலும் இடுப்புக்குக் கீழேயும் பருவம் வந்த பிறகு வேலை செய்ய ஆரம்பிக்கிற வேறொரு வகைச் சுரப்பி இருக்கிறது, அதில் வருகிற கொழுப்பு கலந்த வியர்வையைத் தோல் பாக்டீரியா உடைக்கும்போதுதான் நாற்றம். அதனால் பாக்டீரியாவைக் குறைத்தால் போதும். பென்சாயில் பெராக்சைடு உள்ள முகம் கழுவும் திரவத்தை அக்குளில் இரண்டு நிமிடம் வைத்துக் கழுவலாம், துணியில் பட்டால் வெளுத்துவிடும், கவனம். நம்ம வீட்டுப் படிகாரம் நிஜமாகவே உதவுகிறது. எலுமிச்சம்பழம் தேய்ப்பது வேண்டாம், அந்த இடத்தில் வெயில் பட்டால் புண்ணாகிக் கறுத்துவிடும். பாலியஸ்டர் சட்டையில் வாடை தங்கிவிடும், எவ்வளவு துவைத்தாலும் அணிந்த பத்தே நிமிடத்தில் திரும்பி வரும், அந்தச் சட்டையை விட்டுவிடுவதுதான் வழி.

குழந்தைக்குக் கழுத்திலும் நெற்றியிலும் வேர்க்குரு. என்ன பவுடர் போடலாம்?

பவுடரே வேண்டாம். வியர்வைத் துளை அடைபட்டதால்தான் வேர்க்குரு வந்தது, அதன்மேல் பவுடரும் எண்ணெயும் போட்டால் இன்னும் அடையும், குழந்தை பவுடரை மூச்சில் இழுக்கவும் கூடும். எண்ணெய் தேய்த்து, கதகதப்பாக இருக்கட்டும் என்று தலையில் குல்லாவும் கையில் உறையும் மாட்டிவிடுவார்கள், பாட்டிமார் பாசத்தில் செய்வதுதான். குல்லாவைக் கழற்றுங்கள், விசிறி போடுங்கள், பருத்திச் சட்டை, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி. இரண்டு மூன்று நாளில் அடங்கும். சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

முதுகிலும் மார்பிலும் வெளிறிய திட்டுகள். குஷ்டமாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பெரும்பாலும் இது தேமல், மலாயில் பானாவ் என்பார்கள். எல்லார் தோலிலும் குடியிருக்கிற ஈஸ்ட் ஒன்று, வியர்வையும் எண்ணெயும் கூடும்போது பெருகி, நிறத்தைத் தடுக்கிறது. மெல்ல சுரண்டினால் தவிடு போலப் பொடி உதிரும். அழுக்கால் வருவதில்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவதும் இல்லை. கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்பூவை உடம்பில் தடவி ஐந்து நிமிடம் வைத்துக் கழுவ வேண்டும், தினம் ஒரு தடவை, ஐந்து நாள். திட்டுக்கு மட்டும் தடவாதீர்கள், கழுத்திலிருந்து இடுப்பு வரை தடவுங்கள்.

அப்புறம் ஒரு மாதத்தில் கடைக்குத் திரும்பி வந்து “மருந்து பலிக்கவில்லை, வெள்ளை அப்படியே இருக்கிறது” என்பார்கள். கிருமி செத்துவிட்டது, நிறம் திரும்ப மட்டும் சில மாதம் ஆகும். சுரண்டினால் பொடி உதிரவில்லை என்றால் மருந்து வேலை செய்துவிட்டது என்று அர்த்தம். அடிக்கடி வருகிறவர்கள் மாதம் ஒரு தடவை அதே ஷாம்பூவைப் போட்டுக் கழுவலாம்.

பிள்ளைகள் கன்னத்தில் வருகிற மங்கலான வெள்ளைத் திட்டு வேறு. வயிற்றில் பூச்சி என்று சொல்லிப் பூச்சி மருந்து கேட்பார்கள், பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அது வறண்ட தோல், ஈரப்பதக் கிரீமும் வெயிலிலிருந்து கொஞ்சம் பாதுகாப்பும் போதும். பால் வெள்ளையாக, ஓரம் தெளிவாக இருந்தால் வெண்புள்ளியாக இருக்கலாம், அதுவும் தொற்றாது, குஷ்டமும் இல்லை.

நிஜமான தொழுநோய்க்கு ஓர் அடையாளம் உண்டு, அந்தத் திட்டில் உணர்ச்சி குறைந்திருக்கும். பஞ்சால் தொட்டால் தெரியாது, சூடு தெரியாது, வியர்வைகூட வராது. அப்படி இருந்தால் உடனே காட்டுங்கள், மாத்திரையில் முழுசாகக் குணமாகும். பினாங்கில் ஜெரெஜாக் தீவிலும், 1930இல் தொடங்கிய சுங்கை பூலோ குடியிருப்பிலும் நோயாளிகளை ஒதுக்கி வைத்த காலத்தின் பயம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அந்தப் பயத்தால் திட்டை மறைக்கிறார்கள், அதனால் நரம்பு கெட்டுப்போகிறது.

தொடை இடுக்கில் வட்டமாக அரிப்பு. ஒரு கிரீம் போட்டால் குறைகிறது, விட்டால் முன்பைவிடப் பெரிதாக வருகிறது. ஏன்?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிற தம்பி ஒருவர், உடம்பு முழுக்க மூடிய உடையில் 12 மணி நேர ஷிஃப்ட், ஒரு நாள் இரவு கடை மூடுகிற நேரம் வந்தார். கைப்பேசியில் படம் காட்டினார். வட்டத்துக்குள் வட்டம், ஓரம் மங்கிப்போய், தொடைத் தோல் சிகரெட் தாள்போல மெலிந்து, ஊதா நிறத்தில் கோடு கோடாகக் கிழிந்திருந்தது. பாக்கெட்டிலிருந்து அமுக்கி அமுக்கிச் சுருட்டிய டியூப் ஒன்றை எடுத்து வைத்தார், ஊரிலிருந்து வந்த உறவினர் கொடுத்ததாம். ஏழு மாதமாகப் போடுகிறாராம். டியூபைத் திருப்பி எழுத்தைப் படித்தேன். பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, அவற்றோடு குளோபெட்டாசோல். இந்தக் கடைசி ஒன்று மிகமிக வீரியமான ஸ்டீராய்டு.

இப்படி வட்டமாக அரிப்பது படர்தாமரை, அது ஒரு பூஞ்சை. அரிப்பும் சிவப்பும் உடம்பு அந்தப் பூஞ்சையோடு சண்டை போடுவதால் வருவது. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும், இரண்டு நாளில் அரிப்பு போகும், குணமாகிவிட்டது என்று தோன்றும். காவல்காரனைத் தூங்க வைத்த மாதிரிதான் அது, பூஞ்சை நிம்மதியாகப் பரவும். நிறுத்தினால் அரிப்பு இரட்டிப்பாகும், பயந்துபோய் மறுபடி போடுவார்கள். பல மாதம் போட்ட பிறகு வட்டத்தின் அடையாளமே மாறி, டாக்டருக்கே ஒரு பார்வையில் தெரியாமல் போகும். அந்தத் தம்பிக்குத் தோல் கிழிந்த கோடு இனி முழுசாக மறையாது. அவரிடம் இதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அவர் சோம்பேறித்தனமாக இருக்கவில்லை, ஒரு நாள்கூட விடாமல் போட்டிருக்கிறார்.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சை மருந்து. டெர்பினஃபின் என்றால் இரண்டு வாரம், குளோட்ரிமசோல் என்றால் தினம் இரண்டு மூன்று வேளை, மறைந்த பிறகும் இரண்டு வாரம். வட்டத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வெளியேயும் பூசுங்கள். கால் விரல் இடுக்கைப் பாருங்கள், அங்கே வெள்ளையாக ஊறிப்போய் இருந்தால் பூஞ்சை அங்கிருந்துதான் வருகிறது, இரண்டு இடத்துக்கும் சேர்த்து மருந்து போட வேண்டும். உடை மாற்றும்போது முதலில் காலுறை, அதற்குப் பிறகு உள்ளாடை. மாற்றிப் போட்டால் காலில் இருக்கிற பூஞ்சை உள்ளாடையில் ஒட்டி மேலே ஏறும். துண்டு தனியாக, ஈர உள்ளாடையை மாற்றாமல் இருக்க வேண்டாம். உடம்பில் நிறைய இடத்தில் இருந்தாலோ, ஏற்கெனவே ஸ்டீராய்டு போட்டிருந்தாலோ, தலையிலோ நகத்திலோ இருந்தாலோ கிரீம் போதாது, டாக்டர் மாத்திரை தர வேண்டும்.

பல மாதம் ஸ்டீராய்டு போட்டவர்கள் நிறுத்தும்போது ஒரு வாரம் மோசமாகும். அதைத் தாங்கிக்கொள்ள டாக்டரின் துணையோடு நிறுத்துங்கள்.

வீட்டில் மூன்று பேருக்கு அரிப்பு, ராத்திரியில்தான் தாங்க முடியவில்லை.

விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, இடுப்பில் சின்னச் சின்னப் பருக்கள் இருந்தால் சிரங்கு என்று சந்தேகிக்க வேண்டும், மலாயில் குடிஸ். கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது கொண்டு வருவார்கள். பெர்மெத்ரின் 5 சதவீத மருந்தைக் கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை, நகத்தடி உட்பட, இரவில் பூசிக் காலையில் கழுவ வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடி. முதல் தடவை தொற்றுகிறவர்களுக்கு அரிப்பு வரவே பல வாரம் ஆகும், அதனால் அரிக்காதவர்களும் அதே இரவில் பூசியாக வேண்டும். ஒருவர் விட்டாலும் வீட்டுக்கே திரும்பி வரும். படுக்கை விரிப்பைச் சுடுதண்ணீரில் துவையுங்கள். மருந்துக்குப் பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிக்கும், அதற்காகத் திரும்பத் திரும்ப மருந்தைப் பூசாதீர்கள்.

வியர்வை பட்டாலே முழங்கை மடிப்பும் முழங்கால் மடிப்பும் எரிகிறது.

கரப்பான், அதாவது எக்சிமா என்கிற தோல் அழற்சி, உள்ளவர்களுக்கு வியர்வையின் உப்பு எரியும். வியர்த்ததும் சாதாரணத் தண்ணீரில் கழுவி, தோல் ஈரமாக இருக்கும்போதே ஈரப்பதக் கிரீமைத் தாராளமாகப் பூசுங்கள். இதற்கு டாக்டர் கொடுக்கிற ஸ்டீராய்டு நல்ல மருந்து, அளவோடு போட்டால் பயப்பட வேண்டாம். மேலே நான் எச்சரித்தது யார் யாரோ கொடுக்கிற கலவை டியூபைப் பற்றி.

கழுத்தைச் சுற்றிக் கறுப்பு. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. எந்தக் கிரீம் நல்லது?

ஒரு அம்மா தன் 14 வயது மகளைக் கூட்டிவந்து இதைக் கேட்டார். பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பிள்ளையின் கழுத்தில் சிராய்ப்பே இருந்தது. அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. தொட்டுப் பாருங்கள், வெல்வெட் துணி மாதிரித் தடித்திருக்கும், அக்குளிலும் இருக்கும். இன்சுலின் உடம்பில் சரியாக வேலை செய்யாமல், அதன் அளவு கூடிப்போகும்போது தோல் இப்படித் தடிக்கிறது. நீரிழிவு வருவதற்குப் பல வருடம் முன்னாலேயே தோல் கொடுக்கிற தகவல் இது. 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். அதனால் கிரீம் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சர்க்கரைப் பரிசோதனை செய்யச் சொல்கிறேன். எடை கொஞ்சம் குறைந்தாலே கறுப்பு மெல்ல மங்கும். இனிப்பு தே தாரிக் (பால் தேநீர்) ஒரு நாளைக்கு மூன்று என்றால், அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

வெள்ளையாக்கும் கிரீம் எதையும் சந்தையிலும் இணையத்திலும் பார்த்து வாங்காதீர்கள். பாதரசம், ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு கலந்த கிரீம்களைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பப் பிடித்து அறிவித்துக்கொண்டே இருக்கிறது. பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பதிவான மருந்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும், அழகுப் பொருளுக்கு என்.ஓ.டி. என்று தொடங்கும் எண் இருக்கும். எண் இல்லையென்றால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

ஷூவைக் கழற்றினால் பக்கத்தில் யாரும் உட்கார முடியவில்லை, பாதத்தில் ஊசி குத்தினது போலச் சின்னச் சின்னக் குழி.

பாதுகாவலர் வேலையிலும் தொழிற்சாலையிலும் பூட்ஸ் போடுகிறவர்களிடம் அடிக்கடி பார்ப்பது. இது பாக்டீரியா, பூஞ்சை மருந்து போட்டுப் பயனில்லை. பாதம் காய வேண்டும், டாக்டர் பூசுகிற ஆன்டிபயாட்டிக் தருவார், சில வாரத்தில் சரியாகும். இரண்டு ஜோடி ஷூ வைத்துக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள், ஒரே இரவில் ஷூ காயாது.

எந்த டாக்டரிடம் போவது? செலவு எவ்வளவு ஆகும்?

முதலில் பக்கத்து அரசாங்க சுகாதாரக் கிளினிக். குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்). அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு தோல் நிபுணரிடம் போகலாம், பினாங்கு பொது மருத்துவமனையிலும் கோலாலம்பூர் பொது மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது, நிபுணருக்கு ஐந்து வெள்ளி. காத்திருக்கும் நாள் அதிகமாக இருக்கும், ஆனாலும் அந்தக் கடிதத்தை வாங்கிவிடுங்கள்.

டாக்டரிடம் “அரிப்பு” என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். மிகை வியர்வை என்றால் எந்த வயதில் ஆரம்பித்தது, எந்த வேலையைக் கெடுக்கிறது என்று சொல்லுங்கள், பரீட்சைத் தாள் நனைகிறது, மோட்டார் பிடி வழுக்குகிறது என்று அப்படியே சொல்லுங்கள். அன்றைக்குக் கை காய்ந்திருக்கலாம், அதனால் வியர்க்கும்போது ஒரு படம் எடுத்து வைத்திருங்கள். பூஞ்சை என்று சந்தேகம் இருந்தால் போகிற அன்று கிரீம் எதுவும் பூசாதீர்கள், தோலைச் சுரண்டி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். இதுவரை பூசிய எல்லா டியூபையும், காலியானதையும், ஊரிலிருந்து வந்ததையும், பெயர் அழிந்துபோனதையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.